லைன் தாங்காத பெட்டி

இடுப்பில் பிடித்தது மூன்று நாளாகியும் விடவில்லை. மாசிலாமணி பாயில் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். எப்படி வைத்தாலும் இடது பக்கம் சுண்டி இழுத்தது. மூட்டை தூக்கி வரும் வலி அவருக்குப் பழக்கம். முப்பது வருஷமாக விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அந்த வலி தோளில் ஏறும், படுத்து எழுந்தால் இறங்கிவிடும். இது வேறு. வியாழக்கிழமை சாயங்காலம், ஓடாமல் நின்றுபோன, பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியிலிருந்து தேவநாதனின் உடலை வெளியே தூக்கும்போது பிடித்தது.

மனைவி ஜெயம் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினாள். ஞாயிற்றுக்கிழமை. அவள் கோயிலுக்குப் போகவில்லை. போனால் யாராவது பெட்டியைப் பற்றிக் கேட்பார்கள்.

"நல்லா அழுத்தித் தேய்."

"அழுத்தத்தான் செய்றேன். ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அந்தப் புதுப் பெட்டி அன்னிக்கி எங்க இருந்துச்சி?"

"எத்தினி வாட்டி சொல்றது? சங்கத்து ஷெட்ல."

"ஷெட்டு சாவி?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சாவி எங்க இருந்துச்சின்னு கேட்டேன்."

"என் இடுப்புல."

"இந்த இடுப்புலதான?" என்று கட்டை விரலை வலியின் மேலேயே வைத்து அழுத்தினாள். மாசிலாமணி கத்திவிட்டார்.

"ரெண்டு நாளா குழாயடியில எவளும் எங்கிட்ட வாயத் தொறக்கல. நான் போனா பேச்சு நின்னுடுது. நேத்து குடத்த வெச்சிட்டுத் திரும்புறேன், மாத்தி ஓரமா வெச்சிருக்காளுங்கோ. இவ புருஷன்தான் நல்ல பெட்டிய ஊர்க்காரங்களுக்கு வெச்சிட்டு, ஓட்டப் பெட்டிய நமக்கு எட்டுகினு வர்றான்னு பேசிக்கிறாங்களாம்."

"பேசறவங்க பேசட்டும். லைன்ல வோல்டேஜ் இல்ல. புதுசு தாங்காது. போட்டா கம்ப்ரஸர் பூடும். அப்பறம் ரெண்டு பக்கமும் இல்லாம போயிடும்."

"இதயேதான் ரெண்டு வருசமா சொல்லிக்கினு இருக்க."

கோலியனூருக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது அந்தக் காலனி. அறுபது வீடு. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. ஏரியில் தண்ணீர் இல்லை. வெடித்த சேற்றின் மேல் மாடுகள் நின்றுகொண்டு எதைத் தின்பது என்று தெரியாமல் இருந்தன. காலை எட்டு மணிக்கே சிமெண்ட் ஷீட் கூரை படபடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

மாசிலாமணி விழுப்புரம் தோழமை சேவைச் சங்கத்தில் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சங்கத்துக்காரர்கள் ரத்தம் எடுக்கக் கமிட்டிக்கு வந்திருந்தார்கள். லோடுமேன்கள் எல்லோரும் பின்னால் நழுவியபோது கையை நீட்டியவர் அவர் ஒருவர்தான். அன்றைக்குப் பிடித்தது. ரத்த முகாம், கண் முகாம், புயலுக்குச் சோறு, எதற்கும் கூலியை விட்டுவிட்டுப் போவார். கொரோனாவில் பெற்ற பிள்ளைகளே தொடாத பிணங்களை அந்த நீல உடையைப் போட்டுக்கொண்டு தூக்கினார். சங்கத்தில் இருப்பவர்கள் கடைக்காரர்கள், ரிட்டயர்டு வாத்தியார்கள், ஒரு பல் டாக்டர். மூட்டை தூக்குகிறவர் இவர் மட்டும். காலனியிலிருந்து போனவரும் இவர் மட்டும்.

இலவச ஐஸ் பெட்டி சங்கத்தின் பெரிய சேவை. சாவு என்று போன் வந்தால், மாசிலாமணி ஷெட்டைத் திறந்து, மினி லாரியில் பெட்டியை ஏற்றி, இறக்கி, ஒயர் போட்டு, பிணத்தின் தாடையைக் கட்டிப் படுக்க வைத்து, கண்ணாடி மூடியைத் துடைத்துவிட்டுத்தான் வருவார். முதலில் ஒரு பெட்டி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு குடும்பம் சேர்ந்து இன்னொன்று வாங்கிக் கொடுத்தது. செகரட்டரி கோதண்டபாணி அன்றைக்கே சொன்னார்: "மாசிலா, இது லேட்டஸ்ட் மாடல். காலனிப் பக்கம் லைன் வீக். அங்கல்லாம் பழசே போவட்டும்." மாசிலாமணி தலையாட்டினார். அதையே எல்லா இடத்திலும் சொன்னார்.

வியாழக்கிழமை விடியலில் தேவநாதன் செத்துப்போனார். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாசிலாமணிக்குத் தம்பி முறை. ஒரே பெண் அஸ்வினி, டிப்ளமா முடித்துப் புனேயில் ஒரு கம்பெனியில் மீட்டர் பேனல் வேலை. போன் போனதும் ரயில் ஏறினாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவாள், அதுவரைக்கும் வைத்திருப்போம் என்று முடிவானது. பழைய பெட்டி வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அது ஒரு முறை உறுமிவிட்டு நின்றது. மாசிலாமணி தட்டிப் பார்த்தார், ஒயரை மாற்றிப் பார்த்தார். கோதண்டபாணிக்குப் போன் போட்டார். "சார், புதுச எட்டுகினு வந்துடட்டா?" "வாணாம்யா, அந்த லைன்ல வெச்சா அதுவும் போயிடும். ஐஸ் கட்டி வாங்கி வெச்சி சமாளி." அவர் ஐஸ் கட்டி வாங்கி, மரத்தூள் போட்டு, உப்புப் போட்டுச் சமாளித்தார். அந்த வெயிலில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? வெள்ளிக்கிழமை விடிந்தபோது வயிறு உப்பிவிட்டது. முகம் மாற ஆரம்பித்தது. இனிமேல் வைத்தால் அந்தப் பெண் பார்க்கிற மாதிரி இருக்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஏழு மணிக்கு எடுத்தார்கள். எட்டுக்கு மண் தள்ளியாயிற்று.

பதினொரு மணிக்கு அஸ்வினி போன் செய்தாள். "அம்மா, திண்டிவனம் தாண்டிட்டேன். அப்பாவ எடுத்துடாதீங்க." குப்பம்மாள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவள் பையோடு வந்து இறங்கியபோது, சாவு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயம் தைலக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கேப்பைக் கூழைக் கரைத்து, சுட்ட கருவாட்டோடு வைத்தாள். மாசிலாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது அஸ்வினி உள்ளே வந்தாள். குளித்துவிட்டுத் தலையைக்கூடத் துவட்டவில்லை. கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மீட்டர், சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்.

"வாம்மா, உக்காரு. கூழு குடிக்கிறியா?"

"வாணாம் பெரிம்மா." அவள் உட்காரவில்லை. "பெரிப்பா, அந்த ஃபேன் பிளக்க எடுத்துடட்டுமா?"

"எதுக்கும்மா?"

"பாக்கணும்."

பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ஒயரையும் ஓட்டையில் சொருகினாள். மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எவ்ளோ இருக்குது பாருங்க."

"எரநூத்தி எட்டு."

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கி எங்க வீட்டுல பார்த்தேன். எல்லா வீட்டுலயும் டிவி, கிரைண்டர் ஓடிக்கினு இருந்துச்சி. அப்பவும் நூத்தி எம்பத்தாறு. சாதாரண ஸ்டெபிலைசரே நூத்தம்பது வரைக்கும் தாங்கும். புதுப் பெட்டி எவ்ளோ தாங்கும்னு அதுலயே ஒட்டியிருப்பாங்க. பார்த்தீங்களா?"

"செகரட்டரி சொன்னாரும்மா."

"அவரு எலக்ட்ரீசியனா?"

"உரக்கட வெச்சிருக்காரு."

"உரக்கடக்காரரு வோல்டேஜ் சொல்லுவாரு, நீங்க கேட்டுக்குவீங்க." குரல் உயரவில்லை. "பழைய பெட்டி எட்டு வருசமா இதே லைன்லதான ஓடுச்சி? அதுக்கு மட்டும் தாங்குற லைன் புதுசுக்கு ஏன் தாங்கல?"

மாசிலாமணி கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"ரயில்ல வீடியோ கால் போட்டேன். சிக்னல் இல்ல. ஒருத்தர் போட்டோ அனுப்பியிருந்தாரு, கண்ணாடி மேல டியூப் லைட் வெளிச்சம்தான் தெரியுது. அப்பா மூஞ்சி தெரியல. நாளைக்கி ராத்திரி எனக்கு ரயிலு பெரிப்பா. அதுக்குள்ள கேட்டுச் சொல்லுங்க. லைன்தான் காரணம்னா நான் மனசத் தேத்திக்கிறேன். இல்லன்னா அதையும் சொல்லிடுங்க."

ஒயரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். ஃபேன் பிளக்கை மறுபடியும் மாட்டவில்லை. ஜெயம்தான் எழுந்து மாட்டினாள். காற்று வந்ததும் கருவாட்டு வாசம் வீடெல்லாம் பரவியது.

"நீயே சொல்லு," என்றாள் ஜெயம். "அந்தப் புதுசு இதுவரைக்கும் எங்கெங்க போயிருக்குது?"

"எங்கெங்கியோ போயிருக்குது."

"ஒண்ணொண்ணா சொல்லு. நீதான தூக்குன? உனக்கு மறக்குமா?"

"பல் டாக்டரு மாமனாருக்கு."

"டவுனு. அப்பறம்?"

"கோலியனூர்ல பெருமா கோயில் தெரு. அப்பறம் ரைஸ் மில்லுக்காரரு வூட்டுல. வளவனூர்ல ஒரு வாத்தியாரு."

"வானூர் பக்கம் போனியே, பொங்கலுக்கு முன்ன?"

"அது பழசு."

"யாரு வூடு?"

"நம்ம ஆளுங்க."

"ம். அப்பறம்?"

"காணை தாண்டி, தாண்டவராயன் கொல்லையில. அவுங்க அம்மா வெள்ளையம்மாளுக்கு. ரெண்டு நாளு இருந்துச்சி. மவன் துபாய்லேர்ந்து வரணும்னு."

"அது கொல்லைக்குள்ள இருக்கிற வூடுதான?"

"மோட்டார் கொட்டாய் பக்கத்துல. ஒத்த வூடு. மண்ணு ரோட்டுல பெட்டிய எறக்கி, வரப்பு மேலயே நாலு பேரா தூக்கிக்கினு போனோம். கரும்பு வெட்டுற நேரம். அங்க கரண்டும் அப்படித்தான். பக்கத்துக் கொல்லைக்காரன் மோட்டாரப் போட்டா, இவங்க வூட்டுல டியூப் லைட்டே எரியாது. சிமிட்டிக்கினே இருந்துச்சி. மெழுகுவத்தி ஏத்திதான்..."

நிறுத்தினார்.

ஜெயம் தட்டில் மிச்சமிருந்த கருவாட்டு முள்ளை ஒதுக்கினாள். அவரைப் பார்க்கவில்லை.

"புதுப் பெட்டி நின்னுச்சா?"

"இல்ல."

"ரெண்டு நாளும் ஓடுச்சா?"

"ஓடுச்சி."

அவர் எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். சங்கத்தின் முத்திரை தைத்த வெள்ளைச் சட்டை. கையில் எடுத்தவர் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, கமிட்டிக்குப் போட்டுப் போகும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோதண்டபாணியின் உரக்கடை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி வரைக்கும் திறந்திருக்கும். வெளியே வெயில், உள்ளே யூரியா நெடி. கோதண்டபாணிக்கு மாசிலாமணியைவிடப் பத்து வயது குறைவு. நீ, வா, போ என்றுதான் பேசுவார். இருந்தாலும் கெட்ட மனிதர் இல்லை. மாசிலாமணியின் மகள் கல்யாணத்துக்கு வந்து, காலனியில் உட்கார்ந்து இரண்டு முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டவர்.

"வா மாசிலா. இடுப்பு எப்டி இருக்குது? பெல்ட்டு வாங்கிப் போடுய்யா, சங்கத்துலயே வாங்கிடலாம்."

"சார், புதுப் பெட்டி எத்தினி வோல்ட்டு தாங்கும்?"

கோதண்டபாணி கால்குலேட்டரிலிருந்து கையை எடுத்தார். "இன்னா திடீர்னு?"

"வெள்ளையம்மாள் சாவுல நான்தான சார் எறக்குனேன். அங்க டியூப் லைட்டே எரியல. பெட்டி ரெண்டு நாளு ஓடுச்சி."

"யாரு உன்ன கெளப்பி உட்டது?"

"யாரும் கெளப்பல. நானே தூக்குனேன், நானே பார்த்தேன்."

"பழசு ரிப்பேருக்கு ஆள் சொல்லியிருக்குது. நாளைக்கி வந்துடுவான். இதோட உடு."

"தேவநாதன் பொண்ணு வர்றதுக்கு நாலு மணி நேரம் முன்ன மண்ணு தள்ளிட்டோம் சார்."

கோதண்டபாணி எழுந்து வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இத பாரு. நான் சாதி பாக்குறவனா? நீயே சொல்லு. பெட்டி குடுத்தாங்களே நாலு குடும்பம், அவங்க சொன்னது. எழுத்துல இல்ல, பேச்சுலதான். எங்க பக்கத்துக்குன்னு ஒண்ணு தனியா இருக்கட்டும்னாங்க. மாட்டேன்னா பெட்டியே இல்ல. போன் வரும்போதே கேக்குறாங்கய்யா, பெட்டி கடைசியா எங்க போயி வந்துச்சின்னு. நான் இன்னா பண்ணட்டும்? உங்க பக்கத்துக்குப் பழசு எப்பவும் கையில இருக்கட்டுமேன்னுதான் ஒத்துக்கினேன். நல்லதுக்குத்தான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

கோதண்டபாணி அவரை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட முகம் அது.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

"எனக்கா?"

"வோல்டேஜ்னு சொன்னப்ப ஒரு வார்த்த திருப்பிக் கேட்டியா? தலையாட்டுன. அப்பறம் போற எடமெல்லாம் நீயே சொன்ன. யாரும் சண்டைக்கி வரல. மாசிலாமணி வெவரமான ஆளு, பிரச்ன வராம சமாளிக்கிறான்னு சங்கக் கமிட்டியில பேசிக்கினோம். அதனாலதான் சாவிய உங்கிட்டயே உட்டு வெச்சோம்."

மாசிலாமணி அங்கிருந்த யூரியா மூட்டையின் மேல் உட்கார்ந்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கொடுத்தவர்களுக்கு, வாங்கியவர்களுக்கு, குழாயடியில் நிற்கிற பெண்களுக்கு. தூக்கியவருக்குத்தான் தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

"இனிமே வரிசதான் சார்," என்றார். "மொதல்ல எங்கேர்ந்து போன் வருதோ அங்க. கையில எந்தப் பெட்டி இருக்குதோ அது."

"அப்டியெல்லாம் உன் இஷ்டத்துக்குப் பண்ண முடியாது. சங்கத்துக்குக் கமிட்டி இருக்குது."

"போடுங்க கமிட்டி."

"பேஜாரு பண்ணாத மாசிலா. பத்தொம்போது வருசம் நல்ல பேரு எடுத்திருக்க. சாவியக் குடுத்துட்டு ஒரு மாசம் ரெஸ்ட் எடு."

"சாவி எங்கிட்டதான் இருக்கும். வாங்கணும்னா போலீசோட வாங்க. எதுக்குன்னு கேப்பாங்க, நான் சொல்றேன்."

எழுந்தபோது இடுப்பு மறுபடியும் இழுத்தது. கோதண்டபாணி தன்னையறியாமல் கை கொடுக்க வந்தார். மாசிலாமணி ஷட்டரைப் பிடித்துக்கொண்டு தானே குனிந்து வெளியே போனார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். கோலியனூர் கூட்டு ரோட்டில் இறங்கி நடந்தார். தார் செருப்பில் ஒட்டியது. வீட்டு வாசலில் ஜெயம் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சங்கத்த உட்டுட்டியா?"

"உட்டா சங்கமும் அவங்களோடதாவே பூடும்."

"எங்க போற இப்ப?"

"குப்பம்மா வூட்டுக்கு."

"நானும் வர்றேன்."

"நீ வாணாம்."

"அங்க எனக்கும்தான் மூஞ்சி இல்ல. வர்றேன்."

குப்பம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டில் யாரோ கொண்டுவந்து வைத்த சோறு, தொடாமல். மூலையில் அஸ்வினி துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"லைன் காரணமில்லம்மா," என்றார். "லைன் தாங்கும். புதுப் பெட்டி நம்ம பக்கம் வரக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. வோல்டேஜ்னது பொய்யி. அந்தப் பொய்ய இங்க வந்து சொன்னது நானு."

அஸ்வினி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். குப்பம்மாள்தான் முதலில் பேசினாள். மூன்று நாள் அழுததில் குரல் கிழிந்திருந்தது.

"தெரிஞ்சி சொன்னியா மாமா?"

"தெரியாது." பிறகு அவரே சொன்னார்: "அப்டி சொல்லித் தப்பிச்சிக்க முடியாது குப்பம்மா. கண்ணு முன்னாடியே இருந்துச்சி. ரெண்டு வருசம் தூக்கியிருக்கேன். எந்த வூட்டுக்கு எது போவுதுன்னு எனக்குத் தெரியாதா? கேக்கல."

"ஏன் கேக்கல?" இது அஸ்வினி.

மாசிலாமணி நிலையைப் பிடித்துக்கொண்டார். "சங்கத்துல நம்ம ஆளு நான் ஒருத்தன்தான். ஆண்டு விழாவுல மேடையில பேரு சொல்லிக் கூப்புடுவாங்க, தோள்ல துண்டு போடுவாங்க. கமிட்டியில மூட்ட தூக்கும்போது டேய்னு கூப்புடுறவன்கூட அங்க அண்ணேம்பான். கேட்டா அது பூடும்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கும். அதான் கேக்கல. வேற காரணம் இல்ல."

"அன்னிக்கி சாயங்காலம் ஷெட்டத் தொறந்து எட்டுகினு வந்திருந்தா?"

"விழுப்புரம் போயி ஏத்தியார ஒரு மணி நேரம். ஆறு மணிக்கெல்லாம் வந்திருக்கும்."

"சாவி உங்க கையிலதான் இருந்துச்சின்னு சொல்றாங்க."

"இருந்துச்சி."

"போன் பண்ணி உத்தரவு கேட்டீங்க."

"ஆமா."

குப்பம்மாள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "என் புள்ள திண்டிவனம் தாண்டிட்டேன்னு சொல்லுதே, நான் இன்னான்னு சொல்லுவேன், இன்னான்னு சொல்லுவேன்..." ஜெயம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடி அவளைப் பிடித்துக்கொண்டாள். குப்பம்மாள் அவளைத் தள்ளினாள். ஜெயம் விடவில்லை. குப்பம்மாள் மறுபடி தள்ளவில்லை.

அழுகை அடங்க நேரமானது. அஸ்வினி அழவில்லை. எழுந்து நிலைப்படிக்கு வந்தாள்.

"அப்பாவுக்குத் தாடை கட்டுனது நீங்கதான?"

"நான்தாம்மா."

"மூஞ்சி எப்டி இருந்துச்சி?"

மாசிலாமணி சொன்னார். வியாழக்கிழமை காலையில் தூங்குகிற மாதிரி இருந்ததையும், புருவத்தில் ஒட்டியிருந்த திருநீற்றையும், வலது கண் முழுக்க மூடாமல் இருந்து தான் விரலால் மூடிவிட்டதையும் சொன்னார். அவள் கடைசிவரைக்கும் கேட்டாள்.

"நீங்க சொல்றீங்க, நான் கேக்குறேன். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியலயே பெரிப்பா," என்றாள். "கண்ண மூடுனா நீங்கதான் தெரியிறீங்க, உங்க கைதான் தெரியுது. அப்பா தெரியல. உங்கள மன்னிச்சிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன்."

"கேக்கலம்மா."

"கேக்காதீங்க."

அவள் உள்ளே போய்ப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மாசிலாமணி வெயிலில் நின்றார். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். அவர் சொன்னது அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

தேவநாதனை நல்லபடி எடுத்தாயிற்று. குழி வெட்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று, மேளத்துக்குக் கொடுத்தாயிற்று. அஸ்வினிக்கு அவள் அப்பனின் முகத்தை ஒரு தடவை காட்டியிருக்க வேண்டும். அது மாசிலாமணி கொடுக்க வேண்டிய கடன். கொடுக்கவில்லை.